மத்தியானம் ரெண்டு மணி, உன் இடத்தில்

மாப்ள,

இன்றைக்கு மத்தியானம் உன் பாயில் முழங்கால் போட்டேன். சர்ச்சுக்குப் பக்கத்து அறையில் கிடக்கிற அதே கோரைப்பாய்தான். முழங்கால் பதிகிற ரெண்டு இடத்திலும் கோரை இற்றுப்போய்க் கீழே சிமெண்டுத் தரை தெரிகிறது. குனிந்ததும் தைல வாடை அடித்தது. நீ ஜெபத்துக்கு முன்னால் முழங்காலில் அப்பிக்கொண்டு வருவாயே, அதே வாடை. நீ போய் ரெண்டு வருஷம் ஆகிறது, வாடை எப்படி இருக்கும் என்று கேட்காதே. இருந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

என் மகள் எஸ்தருக்காகத்தான் போனேன். சின்னப் பிள்ளையில் அவளுக்குப் பருத்திப்பாலை வயிறு முட்ட வாங்கிக் கொடுத்து, ராத்திரிச் சோறு வேண்டாமென்று சொல்லவைத்து, எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் சண்டை மூட்டிவிடுவாயே, அதே எஸ்தர். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் காத்திருந்து தரித்த பிள்ளை. பிரஷர் ஏறி, முகமும் காலும் வீங்கி, நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்று பொழுது சாய்வதற்குள் பிரஷர் இறங்காவிட்டால் பிள்ளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாசம் ஆகாத பிள்ளை, மாப்ள. கையளவுதான் இருக்குமாம்.

போதகருக்கு விஷயம் எட்டியதும் சங்கிலி ஜெபம் அறிவித்துவிட்டார். யாருக்கு எந்த மணி என்று போனில் வந்ததைப் பார்த்தேன். ரெண்டிலிருந்து மூன்று வரை என் பேர். உன் மணி. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், தகரக் கூரை, மின்விசிறி ஒன்று சுற்றுவேனா மாட்டேனா என்று கிறங்கிக்கொண்டிருக்கும். யாரும் கேட்டு வாங்காத அந்த மணியை நீ ஆசையாகக் கேட்டு வாங்குவாய். "அந்த நேரத்துல தூங்காம ஜெபம் பண்ணுனாத்தான் மாப்ள கணக்கு" என்று பெருமை வேறு. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் குறட்டை விடுகிறவன் நீ. உன் வாயில் இந்தப் பேச்சு!

நான் கல்யாணத்தால் சபைக்கு வந்தவன். மேற்கே, நஞ்சையும் கிணறும் வைத்துக்கொண்டு நாலு பேரை வேலை ஏவியே பழகிய குடும்பம் எங்களுடையது. சங்கிலி ஜெபம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. செல்லூரில் உன் வீட்டுச் சந்தில் நின்று நீதான் சொன்னாய். "இந்தப் பவர்லூம் சத்தம் கேக்குதுல்ல? ஷிப்டு மாறும், தறி நிக்காது. அம்புட்டுத்தான் மாப்ள. ஆளுக்கு ஒரு மணி நேரம். அடுத்த ஆளு வந்து பக்கத்துல முழங்கால் போட்டு ஒன் தோளத் தொட்டாத்தான் நீ எந்திரிக்கலாம்." சபையில் எல்லோரும் என்னைப் பிரதர் பிரதர் என்றார்கள். நீ மட்டும் முதல் நாளே மாப்ள என்றாய். கீழக்குயில்குடிப் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகன், எங்கள் வீட்டு ஆளைப் பார்த்து மாப்ள என்று கூப்பிடுகிறான்! எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் நீ கூப்பிடாத நாள் நாளாகவே இல்லை.

ஒரு பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் நடந்த கூத்து ஞாபகம் இருக்கா? போதகர் நேரம் பிரித்து எழுதியதில் மூன்றிலிருந்து நாலு வரை யாருக்கும் போடாமல் விட்டுவிட்டார். நீ கப்பலூரில் நம் பட்டறையில் என்னிடம் பர்மிஷன் சொல்லிவிட்டுப் போனவன், மூன்று மணிக்குத் தோளைத் தொட ஆள் வரவில்லை. எழுந்து வர வேண்டியதுதானே? மாட்டாய். அடுத்த மணிக்காரர், நம் சபை ரூபி டீச்சர், நாலு மணிக்கு வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறாய். டீச்சர் தொட்டதும் எழ முயன்று, கால் மரத்து, அவர் மேலேயே சாய்ந்துவிட்டாயாம். இங்கே உன் லேத் மிஷின் சும்மா நிற்கிறது, நான் சூப்பர்வைசர், என் தலை உருள்கிறது. பொழுது இறங்கும்போது நொண்டிக்கொண்டு வந்து நின்றாய். ஏண்டா இப்படிப் பண்ணினாய் என்று கத்தினேன்.

"சங்கிலிய யார் கையில குடுத்துட்டு வரச் சொல்ற? தரையில போட்டுட்டா வர முடியும்?"

"அடேய், ஆண்டவர் கையில குடுத்துட்டு வர வேண்டியதுதானடா! அவருக்குத்தான நடத்துறீக?"

நான் எரிச்சலில் சொன்னது. நீ வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாய். "ஆத்தி! இது எனக்குத் தோணவே இல்லையே மாப்ள" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். பட்டறையே சிரித்தது.

அதே பட்டறைக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தான் அல்லவா, முதலாளிக்குச் சொந்தம் என்ற மிதப்பில். ஒரு லாட் முழுக்க அளவு தப்பிப் போனதற்கு எல்லோர் முன்னாலும் உன்னை வாடா போடா என்றான். போதாததற்குக் கையைக் கட்டி நின்று பதில் சொல்லச் சொன்னான். நீ அடிக்கப் போய்விடுவாயோ, இல்லை கையைக் கட்டிவிடுவாயோ, எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ குரலை உயர்த்தவில்லை. "சார், தப்பு ஏந் தப்புத்தான். ராவா பகலா நின்னு சரி பண்ணிர்றேன். கை கட்டுறது மட்டும் ஒருத்தர் முன்னாடிதான் சார், வேற எங்கயும் கட்டுறதில்ல" என்றாய். அவன் விருட்டென்று திரும்பினான். உள்ளே போய்விட்டான்.

டீக்கடையில் உன்னை லந்து பண்ணினேன். நீ ஜெபத்தில் ஆண்டவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவாய். எல்லோரும் ஆண்டவரே, கர்த்தாவே என்னும்போது உன் குரல் மட்டும் "ஐயா, நாந்தான் வந்துருக்கேன்" என்று கேட்கும். "என்னடா, மேனேஜருக்குக் கை கட்ட மாட்டேங்குற, அங்க மட்டும் பண்ணையார்கிட்ட நிக்கிற மாதிரி ஐயா ஐயாங்குற?" என்றேன்.

நீ டீயை வைத்துவிட்டுச் சொன்னாய். "எங்கப்பன் கொல்லப்பக்கமா நின்னுதான் கூலி கேப்பாரு மாப்ள. துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு ஐயான்னு கூப்பிடுறப்ப அவரு கொரலு நடுங்கும். சின்ன வயசுல அந்த வார்த்தயக் கேட்டாலே எனக்குக் குமட்டும். பெறகு ஒரு நா முழங்கால்ல நிக்கையில அதே வார்த்த தானா வாயில வந்துச்சு. கொரலு நடுங்கல. நம்மள நசுக்காத ஒரு பெரியவரு இருக்காருன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. வார்த்தயக் கொண்டுபோயி உரிய ஆளுகிட்டக் குடுத்துட்டேன். இனி வேற எவன் கேட்டாலும் எங்கிட்ட இல்ல."

எங்கள் ஊரில் அந்த வார்த்தை எங்கள் வாசலுக்கு வெளியே நின்று உள்ளே வரும். எங்கள் வாசலிலிருந்து அது வெளியே போய் நான் பார்த்ததில்லை. ரெண்டு டீக்கும் நானே காசு கொடுத்தேன், நீ இன்னொரு வடை கேட்டாய்.

பிறகு உனக்கு ஈரலில் கட்டி என்றார்கள். ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை நீ. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உனக்காகச் சங்கிலி ஜெபம் வைத்தபோது ரெண்டு மணியை நான் வாங்கிக்கொண்டேன். அதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்தேன். ஜெபமா அது? "இவனை எழுப்பியே ஆகணும், வர்ற ஞாயித்துக்கிழமை இவன் சர்ச்சுல இருக்கணும்" என்று சத்தம் போட்டேன். நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். ஊசி என்றால் ஊரைக் கூட்டுகிற நீ, அத்தனை ஊசி குத்திய கையைத் தூக்கி என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"என்னா மாப்ள, ஆண்டவருக்கே ஷிப்டு போட்டுக் குடுக்குற? கேளு. அழுவு. சண்ட கூடப் போடு, அவரு கோவிச்சுக்க மாட்டாரு. ஆனா உத்தரவு போடாத. சூப்பர்வைசர் அவரு."

"அவரு சரியாப் பாக்கலயேடா" என்றேன்.

"பாப்பாரு. நீதான சொன்ன, அவரு கையில குடுத்துட்டு வான்னு? குடுத்துட்டேன் மாப்ள. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா குடுத்துட்டேன்."

மறுநாள் ரெண்டு மணிக்கு அந்தப் பாயில் போய், நீ சொன்ன எதையும் கேட்காமல் மறுபடி உத்தரவுதான் போட்டேன். மூன்று மணிக்கு ரூபி டீச்சர் வந்து தோளைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், தெரிந்துவிட்டது. நான் ஜெபித்துக்கொண்டிருந்தபோதே நீ போய்விட்டாய். "அண்ணே ஜெபத்துல இருக்காக, முடிச்சுட்டு வரட்டும், யாரும் கூப்பிட்டுறாதீக" என்று உன் வீட்டுக்காரி, எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சிதான், எல்லோரையும் தடுத்து வைத்திருக்கிறாள். புருஷனைப் பறிகொடுத்த நிமிஷத்தில் அதை யோசித்திருக்கிறாள், பார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு பிணத்துக்கு உயிர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேனே! அதைவிடக் கொடுமை, ரூபி டீச்சர் என் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபிக்கத் தொடங்கியது. "இன்னும் என்னத்துக்கு டீச்சர்?" என்று கேட்டேன். "சாயங்காலம் ஆறு வரைக்கும் பேர் போட்டிருக்குல்ல தம்பி. இப்ப அந்தப் பிள்ளைக்குத்தான் ரொம்பத் தேவைப்படும்" என்றார். தங்கச்சியைச் சொன்னார். ஆறு மணிவரை ஒருவரும் தவறாமல் வந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் இருக்கவில்லை. அன்றைக்கு அந்த அறையை விட்டு வந்தவன், இன்றைக்குத்தான் திரும்பவும் கால் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்வேன், ஆசீர்வாதம் முடிந்ததும் வண்டியை எடுத்துவிடுவேன். எதையும் கேட்பதில்லை. கேட்டால்தானே இல்லையென்று சொல்வார்?

இன்று காலையில் போதகர் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, என்னால் முடியாது, வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். அப்போது தங்கச்சியே வீட்டுக்கு வந்து நின்றாள். எஸ்தருக்குக் கஞ்சி வைத்துத் தூக்குவாளியில் கொண்டு வந்திருந்தாள். "பிரஷர் நேத்தைக்கு இன்னைக்குத் தேவலையாம்ணே. புள்ளைக்கி நாடித்துடிப்பு நல்லா இருக்காம். அண்ணி சொன்னாக. எனக்குக் காலம்பற ஏழு மணி, முடிச்சுட்டுத்தான் வாரேன். ஒங்களுக்கு ரெண்டாமே?" என்றாள். இவள் புருஷனுக்காகக் கேட்டதும் அதே அறையில்தான். கிடைக்கவில்லை. இருந்தும் என் பிள்ளைக்காக விடியக்காலையில் போய் முழங்கால் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இவள் முகத்தைப் பார்த்து எந்த வாயால் முடியாது என்பேன்? "ஆமா தாயி, ரெண்டு" என்றேன்.

போனேன் மாப்ள. முழங்கால் போட்டேன். வாயைத் திறந்ததும் பழைய புத்திதான் வந்தது. "ஆண்டவரே, என் பிள்ளையையும் அவ பிள்ளையையும் காப்பாத்தியே..." அதற்கு மேல் போகவில்லை. அழுதேன். சண்டையும் போட்டேன், உன்னை ஏன் எடுத்தீர் என்று ரெண்டு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துக் கொட்டினேன். கூரை இடிந்து விழவில்லை. கொட்டித் தீர்ந்ததும் வேர்வையும் கண்ணீருமாக ஒரு வார்த்தை வந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை.

"ஐயா" என்றேன்.

குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. நெஞ்சு லேசாகிவிட்டது. "ஐயா, எனக்கு ரெண்டு உசிரும் வேணும். கேக்குறேன். பாத்துச் செய்ங்க" என்றேன். அம்புட்டுத்தான் என் ஜெபம். ரூபி டீச்சர் வந்து தோளைத் தொட்டார். எழுந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துக்கொள்வோமா என்று மனசு இழுத்தது, பட்டறையில் யாரிடமும் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு நகரத் தெரியாதவன்தானே நான். ஆனாலும் வந்துவிட்டேன். வீட்டில் பசி எடுத்தது. நேற்றிலிருந்து இறங்காத சோறு இறங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்னால் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

வெளியே வெயில் தணிந்துகொண்டிருக்கிறது. டாக்டரம்மா ஆறு மணிக்கு வந்து பார்ப்பாராம். நல்லபடியாகச் சொல்வார் என்றுதான் மனசு சொல்கிறது. தங்கச்சி அங்கேதான் என் வீட்டுக்காரிக்குத் துணையாக இருக்கிறாள்.

நீ விட்டுப்போனதில் எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான் மாப்ள. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன சேதி வந்தாலும், முதலில் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன்.