மூணாம் சேனலில் ஒரு சிவப்புப் பொட்டு

என் எஸ்தருக்கு,

'சூப்பர்வைசரம்மா' என்று ஆரம்பிக்கலாமா என்று பார்த்தேன். நீ இருந்தால் அடிக்க வருவாய். வீட்டுக்குள் அந்தப் பேர் கூடாது என்பது உன் சட்டம்.

புதுப்பட்டினம் வீட்டில்தான் இருக்கிறேன். கருங்குழியிலிருந்து உன் அம்மா அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போகிறார். கடப்பாக்கத்திலிருந்து என் அம்மா நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புகிறாள். எதைத் தின்றாலும் ஒரே ருசி. உன் கடைசிக் காய்ச்சலில் நீ, "நாக்கு செத்துப்போச்சி மாமா" என்றாயே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

வேலைக்குப் போகிறேன். மாமல்லபுரத்தில் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த அதே ரிசார்ட், அதே ஏசி, அதே மோட்டார். சீஃப் இன்ஜினியர் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த நாற்காலியில் இப்போதைக்கு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். நிரந்தரமாக்குவது ஜி.எம். கையில். ஒருநாளாவது நான் சட்டையில் கிரீஸ் இல்லாமல் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டாய். இப்போதெல்லாம் அப்படித்தான் வருகிறேன். கதவைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

ஜி.எம். மாறவில்லை. ஹவுஸ்கீப்பிங்கில் நீங்கள் வைத்த 'கர்ச்சீப்பு' என்ற பேருக்கு ஏற்ற மாதிரி இன்னமும் கர்ச்சீப்பால் படச் சட்டத்துக்கு மேலே துடைத்து, அந்த அழுக்கை எல்லாருக்கும் தூக்கிக் காட்டுகிறார். உன்னை அடக்கம் பண்ணிவிட்டுக் கருங்குழியில் உட்கார்ந்திருந்தபோது போன் பண்ணினார். ஆறுதல் சொல்லத்தான் என்று நினைத்து எடுத்தேன். மாஸ்டர் கீ எங்கே என்று கேட்டார். இங்கே வந்து பார்த்தால், ஆணியில் தொங்கிய உன் யூனிஃபார்ம் பாக்கெட்டில் இருந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கோபம்கூட வரவில்லை, எஸ்தர்.

அவர் சோம்பேறி இல்லை. எல்லாருக்கும் முன்னால் வருகிறார், எல்லாருக்கும் கடைசியில் போகிறார். நீயும் அப்படித்தான் இருந்தாய். அப்புறம் ஏன் அவரைக் கண்டால் ஆட்கள் ஒதுங்கினார்கள், உன்னைக் கண்டால் கிட்டே வந்தார்கள்? இதை நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது ஒரு வாக்கி டாக்கி.

உனக்குத் தெரியாததா? இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ரிசார்ட்டில் வாக்கியில் ஒன்றாம் சேனலில் பேசினால் கிச்சன், கேட், தோட்டம் என்று எல்லாருக்கும் கேட்கும். ஜி.எம். திட்டுவது அதில்தான். பாராட்ட வேண்டுமென்றால் தன் ரூமுக்குக் கூப்பிடுவார், அதுவும் எப்போதாவது. நீ தலைகீழ். "நூத்திப் பன்னண்டுல சரோஜாக்கா பெட்டு போட்டுகீறாங்க. கெஸ்டுக்குக் குடுக்கவே மனசு வரல" என்று ஒன்றில் சொல்வாய். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, அப்படியென்றால் தானே போய்ப் படுத்துக்கொள்வதாகப் பதில் சொல்வார். ரிசார்ட் முழுக்கச் சிரிக்கும்.

திட்டவேண்டும் என்றால் மட்டும், "மூணுக்கு வா" என்பாய். மூன்று உங்கள் ஹவுஸ்கீப்பிங் சேனல் என்றாலும், யார் வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். ஒருத்தரும் திருப்பமாட்டார்கள். படிக்கத் தெரியாத அக்காக்களுக்காக எல்லா வாக்கி செட்டிலும் சேனல் திருப்புகிற குமிழ் பக்கத்தில், மூன்றுக்கு நேராக, உன் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாய். அங்கே வந்ததும் உன் முதல் கேள்வி ஒன்றுதான்.

"எங்க நிக்கிற? பக்கத்துல யாருனா கீறாங்களா?"

ஆள் இருந்தால் தள்ளிப் போகச் சொல்வாய். முகம் மாறுவதை யாரும் பார்க்காத இடத்துக்கு அவர்கள் போன பிறகுதான் ஆரம்பிப்பாய். திட்டில் மட்டும் குறை வைக்கமாட்டாய். அழ வைத்திருக்கிறாய். ஆனால் அழுததை யாரும் பார்த்ததில்லை.

போன மாதம் ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, இனிமேல் ஹவுஸ்கீப்பிங்குக்குத் தனி சேனல் வேண்டாம், எல்லாம் தன் காதில் விழவேண்டும், மூன்றை எடுத்துவிடு என்றார். "சரி சார்" என்றேன். நீ போனதிலிருந்து எது சொன்னாலும் அதுதான் என் பதில். செட்டை லேப்டாப்பில் கேபிள் போட்டுச் செருகி அந்த ஒரு வரியை அழித்தால் போதும், பத்து வயசுப் பிள்ளைகூடச் செய்யும். ஆனால் பொட்டை? அதைச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். உன் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரோஜா அக்கா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மூணை எடுத்துடப் போறியாமே, தம்பி?"

ஜி.எம். ஆர்டர் என்றேன்.

"எங்கள திட்டறதுக்குன்னு ஒரு எடம் இருந்துச்சி. அதையும் எடுத்துடுவியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அன்று கேபிளைக் கழற்றி வைத்தேன். முடிவு பண்ணினேன் என்று சொல்லமாட்டேன். கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் கடற்கரைப் புல்வெளியில் ஒரு கல்யாணம். டேங்க் கழுவிய நம் பம்ப் ஆபரேட்டர் பாபு அண்ணாத்த, வால்வைத் திறக்க மறந்துவிட்டார். கல்யாணப் பெண் தலை முழுக்க ஷாம்பூவோடு நிற்கிறாள், குழாயில் காற்றுதான் வருகிறது. ஜி.எம். ஒன்றாம் சேனலில் பிடித்துக்கொண்டார். வயசாகிவிட்டால் வீட்டில் கிடக்கவேண்டியதுதானே, சோறு தின்கிறாயா வேறு எதையாவது தின்கிறாயா என்று ரிசார்ட் முழுக்கக் கேட்டது. எதிரில் தோட்டக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என் கட்டைவிரல் தானாக வாக்கி பட்டனை அழுத்தியது. "சார், இன்ஜினியரிங். தப்பு என் டிபார்ட்மெண்ட்டுது, நான்தான் பொறுப்பு. இப்ப தண்ணி வந்துடும்." அப்புறம் சொன்னேன்: "தெறந்துட்டு மூணுக்கு வா, அண்ணாத்த."

மூன்றுக்குப் போனேன். அவர் வந்தார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, எஸ்தர். உன் கேள்விதான் வாயில் வந்தது.

"எங்க நிக்கிற?"

"பம்ப் ரூம் பின்னால கீறேன் நைனா. யாரும் இல்ல. திட்டு."

திட்டினேன். "டேங்கைக் கழுவுனா வால்வைத் தெறக்கணும்னு உனக்கு நான் சொல்லணுமா, அண்ணாத்த?" என்று கேட்டேன். இனிமேல் நடக்காது நைனா என்றார் அவர்.

சாயந்திரம் ஜி.எம். ரூமில் நின்றேன். மூன்று இன்னும் ஏன் இருக்கிறது என்று கேட்டார்.

"எடுக்கல சார். எடுக்கமாட்டேன்."

அப்படியானால் சீஃப் வேலைக்கு வேறு ஆளைத்தான் பார்க்கவேண்டியிருக்கும் என்றார். இந்தத் தடவையும் "சரி சார்" என்றேன். ஆனால் இந்தத் தடவை வாய் தானாகச் சொல்லவில்லை, சொன்னது நான்.

ஷிப்ட் முடிகிற நேரம். சார்ஜரில் எங்கள் இன்ஜினியரிங் செட்டுகளைச் செருகும்போது உன்னுடையதைக் கையில் எடுத்தேன். பொட்டுக்குத் திருப்பினேன். யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில் அழுத்தி, "எஸ்தரு... எங்க நிக்கிற?" என்றேன். விரலை எடுத்தேன். வெறும் இரைச்சல். நம் கடப்பாக்கத்துக் கடல் தூரத்தில் கேட்கிற மாதிரி.

அப்புறம் ஒரு குரல் வந்தது. சரோஜா அக்கா.

"லினன் ரூம்ல நிக்கறோம் தம்பி. எல்லாம் மூணுலதான் கீறோம். வேற யாரும் இல்ல. சொல்லு."

சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். உன்னை மண்ணில் வைத்தபோது வராத அழுகை அது. அவ்வப்போது அக்கா பட்டனை அழுத்திவிடுகிற சத்தத்தில், நான் முடிக்கிற வரைக்கும் அவர்கள் சேனலைவிட்டுப் போகவில்லை என்று மட்டும் தெரிந்தது. இதெல்லாம் நீ பழக்கிவிட்டுப் போனதா, இல்லை அவர்களிடம் முன்னாலேயே இருந்ததா?

கட்டிலில் உன் பக்கத்தில் இன்னும் நான் கை வைப்பதில்லை. அதற்கெல்லாம் வாக்குக் கொடுக்க என்னால் ஆகாது. இது ஒன்றுக்குத் தருகிறேன். அந்த நாற்காலி கிடைத்தாலும் சரி, மறுபடி கிரீஸ் சட்டையோடு வீட்டுக்கு வந்தாலும் சரி, எனக்குக் கீழே ஒரு ஆள் இருக்கிறவரை, எங்கே நிற்கிறாய் என்று கேட்காமல் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டேன். உன் செட்டில் சார்ஜ் இறங்க விடமாட்டேன். பொட்டு மங்கினால் வைக்க, உன் நெயில் பாலிஷ் பாட்டிலில் இன்னும் அடியில் கொஞ்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
எஸ்தர் சூப்பர்வைசருடைய வீட்டுக்காரன்,
உன் மாமா