கன்னியாவுக்குக் கட்டிய சோறு

சல்லி,
சாம்பல்தீவு.
20.8.64

அன்பு மகள் கோணேஸ்வரிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் நோய்நொடி இல்லாமல் இருக்க முத்துமாரி துணை நிற்பாள். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

உன் தந்தி சனிக்கிழமை பின்னேரம் வந்தது. மருமகனுக்கு லீவு இல்லை, வரவில்லை என்று இருந்தது. ஆறு மாதமாய் நீ எழுதி எழுதிக் கேட்ட பயணம் அது. ஓர்ஸ் ஹில் வான்காரனை விடியவே வரச் சொல்லியிருந்தோம். உன் தம்பி யோகராசா, அவன் பெண்சாதி பத்மாசனி, பத்மாசனியின் தம்பிமார் இரண்டு பேர், பக்கத்து வீட்டுக் கனகம்மா, அவளுடைய மகன்மார் மூன்று பேர், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வலைக்குப் போவதில்லை என்று எனக்காக நின்றார்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரையும் பேரப்பிள்ளைகளின் தலையில் என் கையால் வார்க்க வேண்டும் என்று இருந்தேன். நீ இல்லாமல் அங்கே போய் யாருக்கு வார்ப்பது? வானை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். கோபம் இல்லை. தந்தியை மட்டும் பத்திரமாய் வைத்திருக்கிறேன்.

புளி காய்ச்சி முடிந்திருந்தது. வடைக்கு உளுந்தும் ஊறியிருந்தது. விடிய எழும்பிச் சோறாக்கி, வாழையிலையை வாட்டிப் பொதி பொதியாய்க் கட்டினேன். கன்னியா இல்லாவிட்டால் கடற்கரை என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டுபோய்த் தென்னைக்குக் கீழே பாய் விரித்தேன். பத்மாசனி புதுச் சேலையோடு வந்து, "மாமி, இஞ்ச இருந்து சாப்பிட எனக்கு இந்த வேசமா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதுவரை எனக்கு மனம் சரியில்லை.

அப்போதுதான் சம்மாட்டி கனகசபையின் தோணி அவனுடைய கரைவலையை வளைத்தது. பாரை மீன் கூட்டம் ஒன்று கரைக்குக் கிட்ட வந்திருந்தது. நம்முடைய வான் வரவில்லை என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆறு ஆம்பிளைகளும் கரையில்தானே நிற்கிறார்கள், வலை வளைத்தால் ஓடிவந்து கயிற்றில் கை வைப்பார்கள் என்று நினைத்துவிட்டான். சல்லியில் பிறந்தவன் எவனும் அப்படித்தான் நினைப்பான்.

பதினைந்து வருசத்துக்கு முந்தி, நீ மட்டக்களப்பில் சித்தி வீட்டில் நின்று படித்த காலம், அப்பா செத்த இரண்டாம் நாள்தான் வந்தாய். அதனால் உனக்கு இதன் சூடு தெரியாது. "பழசை விடுங்கோ அம்மா" என்று சுகமாய் எழுதுவாய். செத்தவீடு விழுந்த கரையில் பிணம் எடுக்கும்வரை வலை வளைப்பதில்லை. அது என் தாய், தாயின் தாய் காலத்து வழக்கம். உன் அப்பாவை முற்றத்தில் கிடத்தியிருக்க, இந்தக் கனகசபை வலை வளைத்தான். "பிணம் காத்திருக்கும், பாரை காத்திராது" என்றான். வாசல் படலையில் நின்று சொன்னான், நான் கேட்டேன். பாடை தூக்க வந்தவர்கள் ஒவ்வொருவராய் எழும்பிக் கயிறு பிடிக்கப் போனார்கள். போன பதினேழு பேரின் பெயரும் எனக்குத் தெரியும். பொழுது சாயும்வரை நான் ஈ விரட்டிக்கொண்டு இருந்தேன். கடைசியில் மூதூரிலிருந்து மீன் வாங்க வந்த பக்கீர் நானாதான் நாலாவது தோள் கொடுத்தார். அன்று பின்னேரம் கனகசபை செத்தவீட்டுக்கு இரண்டு பாரை அனுப்பினான். பூனைக்குப் போட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய வலையின் இடது கயிற்றை இழுக்க ஆள் போதவில்லை. நீரோட்டம் வலையை இழுத்தது. முதலில் ஆள் விட்டுக் கூப்பிட்டான். நம்முடைய பெடியன்கள் எழும்பினார்கள். "இண்டைக்கு என்ர நாள். சாப்பிட்டு முடிய எழும்புங்கோ" என்றேன். யோகராசா என் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பப் பாயில் இருந்தான். அவன் இருக்க, மற்றவர்களும் இருந்தார்கள்.

அதன் பிறகு கனகசபையே ஓடிவந்தான். இடுப்புக்குக் கீழே நனைந்து, மூச்சு வாங்கி, "அக்கா, வலை மடி நிறைய மீன். பிள்ளையளை அனுப்புங்கோ" என்று கும்பிட்டான். அவன் என்னை அக்கா என்றதே அன்றைக்குத்தான். நான் அவனுக்கும் ஒரு பொதியை நீட்டினேன். "மீன் காத்திருக்கும் தம்பி, சோறு ஆறிப்போகும்" என்றேன். அவனுக்கு விளங்கிவிட்டது. கறுத்த முகம் சாம்பலாய்ப் போனது. அங்கே கயிறு நழுவி, வலை ஒருபக்கம் மடங்கி, பாரைகள் வெள்ளி வெள்ளியாய்த் துள்ளிக் கடலுக்குள் போயின. அவன் மணலில் குந்திவிட்டான். நான் இரண்டாவது பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டேன். பதினைந்து வருசமாய்ச் சோற்றில் எனக்கு அப்படி ருசி தெரிந்ததில்லை. கன்னியாவுக்குப் போயிருந்தால் இது கிடைத்திருக்குமா? நீ வராமல் விட்டதும் நல்லதுக்குத்தான் மகள்.

ஊரில் கதை பலவிதம். "கிழவியின்ர வன்மம் எங்கட அடுப்பையும் அணைச்சுப்போட்டுது" என்று கிணற்றடியில் பெண்டுகள் சொன்னார்களாம். கனகம்மா வந்து சொன்னாள். சொல்லட்டும். அவர்களின் புருசன்மாரும் அந்தப் பதினேழில் இருந்தவர்கள்தான். அந்த மீனில் நம்முடைய பங்கும் போனது, எனக்குத் தெரியாதா? அதையும் சேர்த்துத்தான் விட்டேன். திரும்ப வந்தாலும் திரும்ப விடுவேன்.

இன்னும் ஒன்று. யோகராசா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு கதைக்கிறான் இல்லை. என் சொல்லைத் தட்டவில்லை, என்னை ஏசவுமில்லை. சாப்பாட்டைக் குசினிக்குள் பத்மாசனியிடம் வாங்கித் தின்றுவிட்டு, முற்றத்தில் என்னைத் தாண்டிப் போகிறான். நேற்றுக் கனகசபை வீட்டில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்தானாம். நான் கேட்கவில்லை.

நீ அவனுக்கு மூத்தவள். உன் சொல்லை எடுப்பான். தனியாய் அவனுக்கு ஒரு கடிதம் போடு. அம்மாவோடு கதை என்று எழுது. நான் எழுதச் சொன்னதாக மட்டும் எழுதாதே.

நீ மஞ்சள் குங்குமத்தோடு நீடு வாழ்ந்து, பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாய் வர ஆசீர்வதிக்கிறேன். கடிதத்தை இந்தக் கிழமையே போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கமுத்து