தெருவை அடைத்த மூங்கில்

அன்பு மகன் சந்தோஷுக்கு அம்மா சுலோசனா எழுதுவது. கள்ளிக்குப்பத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை மதிவதனியும் அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், குவைத் வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் மதி காதில் விழும் என்றுதான் இதை எழுதி, ஊருக்கு வந்து திரும்பும் அப்துல் ரசாக் பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் எடை பார்த்து, மதிக்கு வயதுக்கு மீறிய எடை, இப்போதே குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதிலிருந்து தெருவே டாக்டராகிவிட்டது. பக்கத்து வீட்டு மங்களம், பொண்ணுக்கு வாயக் கட்டக் கத்துக் குடுக்கலயா இன்னா என்கிறாள். அப்பாவோ, எங்கப்பன் கயனில நாத்து நட்டு கூலி வேல செஞ்சு அரை வயித்தோட படுத்தாரு, எம் பொண்ணு துன்றத இன்னாத்துக்குக் கண்ணு வெக்கிறாங்கோ என்று கோபப்பட்டு, அன்றைக்கே பிரியாணி வாங்கி வந்தார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது பிள்ளைதான். நீயும் சாக்லேட் டப்பா அனுப்பிவிட்டு, வீடியோவில் குண்டு பூசணி என்று கூப்பிடுகிறாய். விளையாட்டுக்குத்தான் சொல்கிறாய், எனக்குத் தெரியாதா. ஆனால் இப்போதெல்லாம் அவள் நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துப் பேசுவதைக் கவனித்தாயா? மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள்.

அவள் ஓடி ஆட இடம் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீ கிரிக்கெட் ஆடிய காலி மனையில் ஃப்ளாட் வந்துவிட்டது. ஆடிக்குக் கூழ் ஊற்றும்போது தெருமுனையில் மூங்கில் கட்டி வண்டிகளை நிறுத்துவோம் இல்லையா, இந்த வருஷம் அப்படி அடைத்திருந்தபோது மதி நடுத்தெருவில் ஸ்கிப்பிங் ஆடினாள், எத்தனை நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து. பந்தல்காரர் மூங்கிலை எடுக்க வந்தபோது நான் விடவில்லை. இப்போது தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை பிள்ளைகள் ஆடுவதற்காகத் தெருவை அடைக்கிறோம். ஃப்ளாட்டில் இருக்கும் ஜெகதீஷ் காரை நிறுத்தி, ஒரு வீட்டுப் பிள்ளை குண்டா இருந்தா அதுக்குத் தெருவையே அடைப்பீங்களா, அது உங்க வீட்டுப் பிரச்சினை என்று அவள் எதிரிலேயே கேட்டார். மதி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்ததே கோபம். சாமிக்கு அடைச்சா சுத்திகினு போறீங்களே சார், புள்ளைங்களுக்கு அடைச்சா இன்னா என்றேன். வாயைக் கட்டச் சொன்ன மங்களமே ஓடி வந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் இப்போதும் ஹாரன் அடித்துக்கொண்டேதான் சுற்றிப் போகிறார். அன்றிலிருந்து வெளியே தலைகாட்டாமலே இருந்த மதி, நேற்று யாரும் கூப்பிடாமல் தானே போய் மூங்கிலைக் கட்டினாள்.

முறுக்கு கொடுத்திருக்கிறேன், ரூமில் எல்லாரோடும் பகிர்ந்து சாப்பிடு. மதிக்கு இனி சாக்லேட் வேண்டாம், நல்ல ஸ்கிப்பிங் கயிறு கிடைத்தால் அனுப்பு. எடை குறைந்ததா என்று அவளைக் கேட்காதே. நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே கண்ணு, நம் ஊர் ஆறு மணிக்கு வீடியோவில் கூப்பிடாதே, மதி வீட்டில் இருக்க மாட்டாள்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
க. சுலோசனா