பொன்மணியை நானே தூக்கினேன்

பெசன்ட் நகர், சென்னை
ஞாயிற்றுக்கிழமை

பொன்மணியின் அப்பாவுக்கு, அன்புக்கரசி அன்புடன் எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பொன்மணியைக் கட்டிலிலிருந்து நானே தூக்கி அவளுடைய சக்கர நாற்காலியில் உட்கார வைத்தேன். பதறாதீர்கள். டாக்டர் அனுமதி கொடுத்த பிறகுதான் தூக்கினேன். முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல், அவளை என் உடம்போடு ஒட்டிப் பிடித்து, பிசியோதெரபி பெண் பழக்கிக் கொடுத்தபடியே செய்தேன். முத்தம்மா பக்கத்திலேயே இரண்டு கையையும் நீட்டியபடி நின்றாள். உட்கார வைத்து நான் நிமிர்ந்ததும், "இன்னாக்கா, இடுப்பு கீதா, பூட்ச்சா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்போ நாளைலேர்ந்து எனக்கு இங்க வேல இல்ல, ஒரு டீயாச்சும் குட்த்து அனுப்பு" என்றாள். நான் டீ போடப் போய் அடுப்படியில் சிறிது நேரம் அழுதேன். நல்ல அழுகைதான்.

உங்கள் கப்பலில் சேரப் போகும் ஹஸன் தம்பி, தேனாம்பேட்டையில் உங்கள் கம்பெனி ஆபீசுக்கு நாளை போகிறாராம். போகிற வழியில் வந்து பொட்டலத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, உங்களுக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் வைத்திருக்கிறேன். அதோடு இந்தக் கடிதமும். போனில் பேசினால் பாதி காற்றில் போய்விடுகிறது, மீதிப் பாதியைப் பொன்மணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் அவளைப் பற்றிப் பேச எனக்கு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் துண்டு துண்டாகத்தான் தெரியும். குளியலறையில் அவளைத் தூக்கும்போது என் முதுகில் காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தரையில் அவளும் நானும் ஒன்றாகக் கிடந்தோம். அவள் சிரித்தாள், ஏதோ விளையாட்டு என்று நினைத்து. முதுகுத்தண்டில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. நாற்பதுகளில் இருக்கும் எனக்கு எழுபது வயது எலும்பு என்று ஸ்கேனில் வந்தது. வீசிங்குக்காக வருடக் கணக்கில் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையும், சீக்கிரமே நின்றுபோன மாதவிடாயும் சேர்ந்து செய்த வேலை என்றார்கள். நான் மல்லாந்து படுத்தபடியே என் தம்பி தமிழ்மாறனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இனி இவளை யார் தூக்குவது?

அப்போதுதான் அவளைத் தரமணியில், நடக்க முடியாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தில் விட்டோம். உங்களிடம் போனில் சொன்னேன். "சரியான உடனே கூட்டிட்டு வந்துடு அன்பு" என்று மட்டும் சொன்னீர்கள். நான் எழுந்து நடக்க ஆரம்பித்ததுமே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தூக்க முடியாதென்று தெரிந்தும் கூட்டி வந்தேன். அந்த நிலையில்தான் முத்தம்மா வந்தாள். மீன் கொண்டு வந்து கொடுக்கிறவள், ஒரு நாள் நான் பொன்மணியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதைக் கண்டு, கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து அவளைத் தூக்கினாள். அன்றிலிருந்து குப்பத்தில் கடை போடுவதற்கு முன் ஒரு தடவை, கடை முடிந்து ஒரு தடவை வருவாள். இடையில் தமிழ்மாறன். நம் பெண்ணின் சட்டையில் ரெண்டு வருடமாக லேசாக மீன் வாசனை. அவளுக்கு அது பிடித்துவிட்டது.

மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர் டாக்டர் விசாலாக்ஷி அம்மா முதல் நாளே நிதானமாக விளக்கினார். பெப்டைட் என்றால் புரதத்தின் சிறு துண்டு. இந்த ஊசியில் இருப்பது நம் உடம்பே சுரக்கிற ஒரு ஹார்மோனின் துண்டு, எலும்பு கட்டுகிற செல்களைத் தினமும் ஒரு தட்டுத் தட்டி எழுப்பும் என்றார். "ஆனா இது ஏதோ டானிக் இல்லம்மா. ரத்தத்துல கால்சியம் பார்க்கணும், சிறுநீரகம் பார்க்கணும், மயக்கம் வரதான்னு பார்க்கணும். நான் பார்த்துண்டேதான் இருப்பேன். நீங்க ஒளிக்கப்படாது" என்றார். தினமும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டுதான் வயிற்றில் போட்டுக்கொண்டேன், முதல் மாதம் எழுந்தால் தலை சுற்றும் என்பதால். காலில் தசை சுண்டி குரக்களி பிடிக்கும். அதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

தமிழ்மாறன் நடுவில் ஒரு கூத்து செய்தான். தி.நகரில் அவன் போகும் ஜிம்மில் ஒரு கோச், காயம் சீக்கிரம் ஆறும், வயதே தெரியாது என்று சொல்லி ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்திருக்கிறார். "அக்கா, இதுவும் பெப்டைட்தான், ரெண்டையும் சேர்த்துப் போட்டா ஒரே மாசத்துல ஓடலாம்" என்று கொண்டு வந்தான். நான் தொடவில்லை, டாக்டரிடமே கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் தயாரித்தது என்றுகூட அதில் போடவில்லை. "இதை யார் யார் மேல போட்டுப் பார்த்தா, அவா எல்லாம் இப்ப எப்படி இருக்கான்னு உங்க தம்பியோட கோச்சைக் கேட்டுண்டு வரச் சொல்லுங்கோ. பதில் வந்தா நானும் போட்டுக்கறேன்" என்றார். தம்பி கேட்டானோ இல்லையோ, குப்பி அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. ஜிம்மையும் மாற்றிவிட்டான்.

இன்னொன்றும் நடந்தது, உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். புயல் வந்து மின்சாரம் போன அந்த நாட்களில் எனக்கு ஒரே பயம், மருந்து நிரப்பிய ஊசிப் பேனா குளிர் இல்லாமல் கெட்டுப்போய்விடுமே என்று. முத்தம்மா, "எங்கிட்ட குடுக்கா, என் பொட்டியில ஐசு கீது" என்று வாங்கிக்கொண்டு போனாள். நானும் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். மீனுக்கு அடியில், உப்புப் போட்ட ஐஸ் நடுவில், பிளாஸ்டிக் பையில் சுற்றி அவ்வளவு அக்கறையாக வைத்திருந்தாள். மின்சாரம் வந்ததும் கொண்டு வந்து கொடுத்தாள். மருந்து கல்லாக உறைந்திருந்தது. சூட்டில் கெடுகிற மாதிரியே உறைந்தாலும் இந்த மருந்து கெட்டுவிடும், தூக்கிப் போடுங்கள் என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். முத்தம்மாவுக்கு மனசே கேட்கவில்லை. "மீனே நாலு நாளு தாங்குது, உன் ஊசி இன்னாக்கா அம்மாம் செல்லம்?" என்று கேட்டாள். அடுத்த நாள் வஞ்சிரம் கொண்டு வந்து, காசு வேண்டாம் என்று வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். புதுப் பேனா நீங்கள் அனுப்பிய பணத்தில்தான் வாங்கினேன். என்ன செலவு என்று நீங்கள் ஒரு தடவையும் கேட்டதில்லை. அந்த என்ஜின் ரூம் சூட்டில் நின்று நீங்கள் சம்பாதித்தது என் முதுகுக்குள் எலும்பாக இருக்கிறது. இதற்கு நன்றி என்று எழுதினால் சின்னதாகப் போகும். ஆனாலும் எழுதுகிறேன். நன்றி.

போன வாரம் ஸ்கேன் வந்தது. எலும்பின் அடர்த்தி நன்றாகவே ஏறியிருக்கிறது. இந்த ஊசியை இதற்கு மேல் நீட்டக் கூடாது, கட்டியதைக் காப்பாற்ற வருடத்துக்கு ஒரு முறை வேறு மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், நடை, வெயில், சாப்பாடு எதையும் விடக் கூடாது என்றார் டாக்டர். பொன்மணியைத் தூக்கலாமா என்று கேட்டேன். ஸ்கேனை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "தூக்கலாம். தூக்க முடியும்னுதான் சொல்றேன். தினமும் நீங்கதான் தூக்கணும்னு நான் சொல்லலை" என்றார். அந்த வாக்கியம் மயிலாப்பூரிலிருந்து வீடு வரும் வரை பஸ்ஸில் என்னோடு வந்தது.

இப்போது பொன்மணியைப் பற்றி. தரமணியில் அவளோடு ஒரே அறையில் இருந்த ஜுவேரியா என்ற பெண்ணைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. அவளாலும் நடக்க முடியாது, ஆனால் வாய் ஓயாது. பார்க்கப் போனால் நம் பெண்ணைப் பற்றி என்னிடம் புகார் சொல்வாள். "ஆண்ட்டி, உங்க பொண்ணு நைட்டு தூங்கவே விடமாட்டேன்றா, ரயில் போற சத்தம் கேட்டா சிரிக்கிறா, அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துடுது" என்பாள். பொன்மணி வீட்டுக்கு வந்த பிறகு, வாயில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. 'ஜூ' என்று. முதலில் எனக்குப் புரியவில்லை. இத்தனை வயதாகியும் அம்மா என்று சொல்லாத பெண், தன் சிநேகிதி பெயரைச் சொல்கிறாள். மாதம் ஒரு தடவை தம்பியின் துணையோடு அவளைத் தரமணிக்குக் கூட்டிப் போகிறேன். வாசலில் ஆட்டோ திரும்பும்போதே உடம்பெல்லாம் துள்ளும். திரும்பி வரும் வழியில் வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்க்கவே மாட்டாள்.

இத்தனை வருடமாக நான் ஒரே ஒரு வரம் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்களும் அதையேதான் கேட்டிருப்பீர்கள், நாம் இருவரும் வாய் விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. அவளுக்கு ஒரு நாள் பின்னால்தான் நாம் கண்ணை மூட வேண்டும் என்பது. ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் அதற்காகத்தான் போட்டுக்கொண்டேன். இன்று காலை அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, அவள் என் தோளுக்கு மேலே முத்தம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். என் கையில் இருப்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இல்லை. இந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ கைகள் தூக்கிவிட்டன, அவள் எல்லாக் கையிலும் தைரியமாக இருக்கப் பழகிவிட்டாள். பயந்துகொண்டிருந்தது நான் மட்டும்தான்.

இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் இல்லை, தம்பியிடமும் இல்லை, நாளைக்கும் டீ குடிக்க வரத்தான் போகிற முத்தம்மாவிடமும் இல்லை. பொங்கல் முடிந்ததும் பொன்மணி தரமணியில், ஜுவேரியாவின் அறையில் இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். திங்களிலிருந்து வெள்ளி வரை. சனி, ஞாயிறு நம் வீட்டில். என்னால் முடியவில்லை என்று அன்றைக்கு அனுப்பினேன். இன்றைக்கு முடிகிறது. அதனால்தான் இப்போது அனுப்புகிறேன். நான் திடமாக இருக்கும்போதே அவளுக்கு அந்த இடம் சொந்தமாகட்டும். நான் இல்லாத ஒரு நாளில் யாரோ அவளை அவசரமாகக் கொண்டுபோய் விடுகிற இடமாக அது இருக்கக் கூடாது.

கப்பலிலிருந்து உடனே போன் செய்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இரண்டு தடவை படியுங்கள். கோபம் வந்தால் வைத்திருங்கள், பங்குனியில் வந்து இறங்கியதும் முதலில் என்னோடு தரமணிக்கு வாருங்கள். அவள் அங்கே சிரிப்பதைப் பாருங்கள். அதற்கப்புறம் என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் போய் அவளை நானேதான் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வருவேன். அதற்காகத்தான் இந்த முதுகு.

கடலும் காற்றும் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

என்றும் உங்கள்,
அன்புக்கரசி