காலடியை மறைத்த அட்டை

அண்ணே,

இன்று யோசனைப் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் மூடியில் துளை போட்டுக் கொடுத்த அதே லப்பெட் டப்பாதான். ஊறிய தேயிலையின் புளிப்பு வாசம் இன்னும் போகவில்லை. உள்ளே ஒரு சீட்டும் இல்லை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் தாமுவே பர்மியத் தமிழர் வரலாற்றுக் குழுவுக்கு விதி வகுத்தவர் நீங்கள். சீட்டில் பெயர் வேண்டாம், எது விழுந்தாலும் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். படிக்கும் வேலை எனக்கு. நான் நான்கு சீட்டுகளை மட்டும் உரக்கப் படிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான்கிலும் ஒரே வரி: "சுவரில் உள்ள படத்தின் அடி அட்டையை எடுக்கவும். காலடியில் இருப்பதையும் பார்க்கட்டும்."

அந்தப் படத்தில் என் தாத்தாவும் பதினோரு பேரும் நிற்கிறார்கள். சட்டம் போட்டு, காலடி தெரியாமல் அட்டை வைத்தவன் நான். 'ரயில்வே ஊழியர்கள்' என்று கீழே எழுதியவனும் நான். அட்டைக்குப் பின்னால் மலம் அள்ளும் வாளிகள். கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான்; படித்தவர்கள் என் தாத்தாவை இளக்காரமாகப் பார்க்க விடுவேனா?

சாய்ந்த கையெழுத்து உங்களுடையது என்று தெரியும். முகத்துக்கு நேரே சொல்லவில்லையே என்ற கோபம் இன்றும் இருக்கிறது. தேநீர்க் கடையில் ஒருநாள் ஜாடையாகக் கேட்டேன். "பெட்டியில் போட்டதைப் பெட்டியிடமே கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, என் தட்டிலிருந்த சமூசாவை எடுத்துக்கொண்டீர்கள்.

காலிப் பெட்டியைப் பார்த்ததும், இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கூட்டத்தில் படித்தேன். பிறகு சட்டத்தைக் கழற்றி, அட்டையை உருவினேன்.

 என்னை மாமா முறையில் ஊலே என்று கூப்பிடும் இளைஞன் கோ முருகன், "இத்தனை வருஷம் ரயில் ஓட்டினீங்களே ஊலே, வண்டி இப்ப எந்த ஸ்டேஷன்ல நிக்குது?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாகேதாவிலிருந்து வரும் மா செல்வி மட்டும் சிரிக்காமல் படத்தின் அருகே வந்தாள்.

"இடது பக்கம் மூணாவது ஆள் எங்க தாத்தா, ஊலே. அவர் வாளி தூக்கினது எங்க வீட்டுல தெரியும்; அது வெளியில வரட்டும்னுதான் இத்தனை நாள் சொல்லாம இருந்தேன்."

அவள் சொன்ன தாத்தாவின் பெயரை அங்கேயே எழுதிக்கொண்டோம். பழைய வரியை அடித்துவிட்டு, செய்த வேலையை உள்ளபடி எழுதினேன்.  முப்பது வருடமாகத் தோளில் கிடந்த மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

சொன்னபடி செய்து முடித்த சீட்டைக் குழுவின் நோட்டில் ஒட்ட வேண்டும் என்பதும் உங்கள் விதிதான். ஒன்றை ஒட்டிவிட்டேன். மற்ற மூன்றையும் தரமாட்டேன். அவை என் சட்டைப் பையிலேயே இருக்கும். வேண்டுமானால் பெட்டியிடம் கேளுங்கள்.