நாற்பது தடவை விழுந்தவள் எழுதுவது

அன்பும் கோபமும் சரிபாதியாக, என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் அத்தையும் நலம். உங்கள் நலம் வரும் ஞாயிற்றுக்கிழமை வரைதான் நிச்சயம் என்பதால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். போனில் பேச்சை எடுத்தாலே "சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், கடைசி வரை படியுங்கள்.

உங்கள் வேலையிடத்தில் கிரேன் ஓட்டுகிறவர் உங்கள் கராத்தேயை டான்ஸ் என்றாராம். ஞாயிறன்று ஷெட்டில் பாய் விரித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தனை பேர் முன்னால் நீங்களும் ஒத்துக்கொண்டீர்களாம். அவர் பத்து வருஷம் மல்யுத்தம் பழகியவர் என்பதை மட்டும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம் லாரியிலிருந்து விழுந்தபோது எடுத்த கழுத்துப் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னது மறந்துபோச்சா? "இன்னொரு தடவை இப்படி விழுந்தா கைகால் விளங்காம போயிடும்" என்றார். வேலை போய்விடும் என்று அதை அங்கே யாரிடமும் நீங்கள் சொல்லவில்லை. கிரேன்காரருக்கும் தெரியாது. அவர் முழு பலத்தோடுதான் தூக்கிப் போடுவார்.

வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை நீங்கள். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் மாற்ற வரும் பேக்கரிக்காரி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கூடத்தில், ஆளைக் கீழே தள்ளிப் பிடி போடக் கற்றுக்கொடுக்கிறாள். ஒரு வாரமாக வேலை முடிந்ததும் அங்கே போய் விழுந்துகொண்டிருக்கிறேன். உடம்பெல்லாம் கன்றிப்போய்விட்டது. மாடிப்படியில் வழுக்கிவிட்டேன் என்று அத்தையிடம் சொன்னேன். மூன்றாம் நாள் தைலத்தை நீட்டிக்கொண்டே, "ஏம்மா, அந்தப் படி உனக்கு மட்டும் தினமும் வழுக்குதா?" என்று கேட்டார்.

முதல் நாளே நம் குட்டு உடைந்தது. அவள் குனிந்து வந்தாள். நெஞ்சைப் பார்த்துச் சுத்தமாக ஒரு குத்து விட்டேன். நம் கராத்தே வகுப்பில் பழக்கியபடி, கை அவள்மேல் படாமல் ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றது. அதை இடுப்புக்கு இழுத்துக்கொண்டு, நடுவர் புள்ளி சொல்வார் என்று காத்திருந்தேன். அங்கே ஏது நடுவர்? இரண்டு காலையும் சேர்த்து வாரிவிட்டாள். அடித்ததும் நிற்க வேண்டும் என்று நாம் இத்தனை வருஷம் பழகியிருக்கிறோம். அந்த நிற்கிற நேரத்தில்தான் மல்யுத்தக்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

வகுப்பில் உங்களுக்கு ஒரு பெல்ட் மூத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். தலை உயரத்துக்கு ஓர் உதை விடுவீர்களே, அதைத் தலைமுழுகிவிடுங்கள். ஒற்றைக் காலில் நிற்கிற ஆள் கிடைத்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். கிரேன்காரர் தோளைத் தாழ்த்தியதும் இரண்டு காலையும் பின்னுக்கு வீசி, இடுப்பை இறக்கி, உங்கள் பாரம் முழுவதையும் அவர் முதுகில் போடுங்கள். அவர் இடுப்பைக் கட்டுமுன் உங்கள் கையை அவர் அக்குளுக்குள் நுழைத்துவிடுங்கள். விலகியதும் எழுந்து தள்ளிப் போங்கள், வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் நாற்பது தடவை விழுந்தேன், ஒன்பது தடவை தப்பினேன். அந்த ஒன்பதும் இப்படித்தான்.

நேற்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. பின்னாலிருந்து அவள் என் கழுத்தில் கையைச் சுற்றினாள். தாங்க முடியாவிட்டால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், உடனே விட்டுவிடுவார்கள். அங்கே அதுதான் சட்டம். என் கை சும்மாதான் இருந்தது, ஆனால் தட்டவில்லை. இவளிடம் போய்த் தோற்பதா என்று ஒரு வீம்பு. கண் இருட்டிவிட்டது. விழித்தபோது அவள் என் கன்னத்தைத் தட்டியபடி அழுதுகொண்டிருந்தாள். "தட்டுறதுக்கு என்னக்கா கேடு? செத்துப் போயிருந்தீங்கன்னா?" என்று திட்டினாள். நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். எனக்கே இவ்வளவு வீம்பு என்றால் உங்களுக்கு எவ்வளவு இருக்கும்!

பயமாக இருக்கிறது. பிடியில் மாட்டினால் தட்டிவிடுங்கள். ஜெயித்தீர்களா என்று இந்த வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை. முழுசாக வந்து சேருங்கள்.

உங்களையே நினைத்திருக்கும்,
மனைவி


கிரேன் ஓட்டும் அண்ணாவுக்கு,

வணக்கம். ஞாயிறன்று நீங்கள் மோதப்போகும் வெல்டரின் மனைவி நான். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் என்னோடு பேசவே மாட்டார்.

அவருக்குக் கழுத்தில் அடிபட்டிருக்கிறது. மேலே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்து வைத்திருக்கிறார். முகம் தெரியாத உங்களை நம்பி இதைச் சொல்கிறேன். ஏதாவது சாக்குச் சொல்லி இந்தப் போட்டியை நிறுத்திவிட்டால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். முடியாவிட்டால், தூக்கி மட்டும் போடாதீர்கள். நீங்களே ஜெயித்ததாக இருக்கட்டும், டான்ஸ் என்றே சொல்லிக்கொள்ளுங்கள்.

பிடி விழுந்தால் தட்டச் சொல்லி அவருக்கு எழுதியிருக்கிறேன். அவர் தட்ட மாட்டார், அண்ணா. நீங்களாக விட்டுவிடுங்கள்.

உங்கள் தங்கை