கூடையிலிருந்து ஒரு குரல், பையிலிருந்து ஒரு குரல்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பதாகக் கேள்வி. ஆனாலும் நீயே ஒரு வரி எழுதினால்தான் எனக்கு அது உறுதியான தகவல். உங்கள் பக்கம் மழை பிடித்துக்கொண்டது என்று செய்தியில் பார்த்தேன், ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. இங்கே குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. மாடியில் அத்தைக்கு முழங்கால் தேவலை, அதனால் பழையபடி அடிக்கடி இறங்கி வந்து நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துவிட்டுப் போகிறார். அப்பாவின் கண்ணாடிக் கடைக்கு எதிரிலேயே இன்னொரு கண்ணாடிக் கடை திறந்திருக்கிறார்கள். அப்படி ஒரு கடை இருப்பதே அப்பாவுக்கு இன்னும் கண்ணில் படவில்லை.

நீ காத்திருப்பது சைக்கிள் விஷயத்துக்கு என்று தெரியும். போன மாதம் நூலகத்திலிருந்து திரும்பும்போது நான் வழி தவறி பஸ் பணிமனையில் போய் நின்றதும், பொழுது சாய்ந்த பிறகு அப்பா கடையை மூடிவிட்டுப் பக்கத்து வீட்டுக் காரில் அத்தையையும் ஏற்றிக்கொண்டு வந்து என்னைக் கண்டுபிடித்ததும், அத்தை என்னைப் பார்த்து அழுததும், நானோ அந்த நேரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் பிரேக் கட்டை எத்தனை மாதம் தாங்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்ததும் உனக்குத் தெரிந்ததுதான். அன்று நடந்த வாக்கெடுப்பில் அப்பாவும் அத்தையும் ஃபோனில் நீயும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பேசாமல் சைக்கிளை அத்தையிடம் கொடுத்துவிடு என்றாய். அத்தை அதை என்ன செய்வார்? மொட்டைமாடியில் நிறுத்தி ஈரத் துண்டு காயப்போடுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார். பத்திரிகை வேலையில் இருந்தவரை தினமும் யாராவது ஒருவர் என்னை எங்கேயாவது விரட்டிக்கொண்டே இருந்தார்கள், தீப்பிடித்த கிடங்குக்கு, கூரை இறங்கிய பள்ளிக்கூடத்துக்கு, கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் கூட்டத்துக்கு. ஓய்வு பெற்ற மறுநாளே அந்த விரட்டல் நின்றுபோயிற்று. இப்போது காலையில் வாசலில் நின்று போகலாமா என்று கேட்பது அந்தச் சைக்கிள் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் அத்தை இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிற பொருளாக நான் ஆகிவிடுவேன். இதை நான் சொன்னபோது அப்பா வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வாய்ப்பு கொடுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுவீட்டுக்குக் குடிபோயிருக்கும் உன் பல் டாக்டர் சித்தியிடம் நான் தனியாகச் சைக்கிளில் போய், மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பி வர வேண்டும். வீட்டுக்கு ஃபோன் செய்யக் கூடாது. வழியில் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. வந்து சேர்ந்தால் சைக்கிள் எனக்கு, இல்லாவிட்டால் துண்டுக்கு. கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவளுக்கு இப்படி ஒரு நிபந்தனை. ஊசியைத் தொடாமல் சட்டை தைத்துக் காட்டு என்று தையல்காரரிடம் சொல்வது போல.

ஃபோனில் வரைபடம் பார்த்துக்கொண்டே போகலாமே என்று நீ கேட்பாய். உன் அப்பா என் கண்ணுக்குச் செய்து கொடுத்த நியாயம் அப்படி. தூரக் கண்ணாடி போட்டால் சாலை தெரியும், ஃபோன் தெரியாது. கிட்டக் கண்ணாடி போட்டால் வரைபடத்தில் சந்துபொந்தெல்லாம் தெரியும், எதிரே வருகிற லாரி தெரியாது. இரண்டும் சேர்ந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன், சாலை கொப்பளித்த தண்ணீர் மாதிரி ஆடியது. அப்பாவின் கடைக்கு லென்ஸ் கொண்டுவருகிறவர்தான் வழி சொன்னார். அவரும் சைக்கிள்தான். சட்டைப் பையில் ஃபோனைப் போட்டுக்கொண்டு அது பேசுகிறபடி திரும்புகிறார், அதை எடுத்துப் பார்ப்பதே இல்லை. காதில் எதையும் மாட்டாதீங்கம்மா, ஹாரன் கேக்கணும், ஃபோன் தானா கத்தட்டும் என்றார். அன்றைக்கே தெருவில் சோதனை ஓட்டம் நடத்தினேன். ஃபோனுக்குள் இருந்து ஒரு பெண், செய்தி வாசிக்கிற தமிழில், நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும் என்றாள். வேண்டுமென்றே வலதுபுறம் திரும்பினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, பெருமூச்சு விடவில்லை, நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிக்கவில்லை. மாற்றுப் பாதை கண்டறியப்படுகிறது என்றாள், அவ்வளவுதான். இந்த வீட்டில் நான் தப்புச் செய்தபோது ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை வாலு. சந்தோஷத்தில் தெருவை மூன்று சுற்று சுற்றி அவளைத் திரும்பத் திரும்பக் கண்டறிய வைத்தேன்.

ஆனால் ஒருத்தி சொன்னதை மட்டும் நம்பி நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. எந்தத் தகவலுக்கும் இரண்டு வாய் வேண்டும் என்பது உனக்குத் தெரிந்த என் பழக்கம், நீ பள்ளிக்கூடத்தில் விழுந்து வந்தபோதுகூட உன் தோழியிடம் தனியாக விசாரித்தவள் நான். ஆகவே அப்பாவின் ஃபோனையும் கேட்டு வாங்கினேன். அவர் தயங்கித்தான் கொடுத்தார், ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அதில் வேறு ஒரு செயலி, ஆண் குரல். என் ஃபோனை முன்கூடையில் துண்டு சுற்றி வைத்தேன், அப்பாவுடையதைத் தோள்பையில் போட்டேன். கூடையில் இருந்தவளுக்கு அம்மணி என்றும் பையில் இருந்தவருக்கு ஐயா என்றும் பெயர் வைத்துக்கொண்டு காலையில் கிளம்பினேன். அத்தை மாடியிலிருந்து கையசைத்த விதம் என்னைப் பார்த்தா சைக்கிளைப் பார்த்தா என்று தெரியவில்லை.

கடைத்தெரு தாண்டும்வரை இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். முதல் வட்டச்சாலையில் சண்டை தொடங்கியது. அம்மணி மேம்பாலத்தில் ஏறு என்கிறாள், அங்கே சைக்கிளுக்குக் குறுக்குக்கோடு போட்ட பலகை தொங்குகிறது. ஐயா கீழே இறங்கு என்கிறார், இறங்கினால் ரயில் பாதைக்கு அடியில் போகிற படிக்கட்டு. இவள் என்னைக் கார் என்று நினைத்திருக்கிறாள், அவர் என்னை நடந்து போகிறவள் என்று நினைத்திருக்கிறார். நான் இரண்டுக்கும் நடுவில் இருந்த சின்னச் சாலையில் போனேன். உடனே இரண்டு பேரும் ஒரே மூச்சில் மாற்றுப் பாதை கண்டறியத் தொடங்கிவிட்டார்கள். சிக்னலில் நிற்கும்போதும் ஓயவில்லை. அம்மணி நேராக என்கிறாள், அவள் முடிப்பதற்குள் ஐயா பின்னோக்கித் திரும்பவும் என்கிறார். பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்ற ஒரு பெண் என் பையையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாரு அக்கா, மாமனார் மாமியாரா?" என்றாள். சிரித்த சிரிப்பில் பச்சை விழுந்தது தெரியாமல் பின்னால் எல்லோரிடமும் திட்டு வாங்கினேன். காற்று முகத்தில் அடிக்கிறது, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு குரல் என்னை வா வா என்கிறது, எனக்கு வயது இருபது குறைந்துவிட்டது.

ஆற்றங்கரைக்குச் சற்று முன்னால் பெயின்ட் தொழிற்சாலை வருகிறது. அங்கே அந்த அதிசயம் நடந்தது. அம்மணி வலதுபுறம் திரும்பவும் என்றாள். அடுத்த நொடியே ஐயாவும் வலதுபுறம் என்றார். இரண்டு வாய், ஒரே தகவல். இதற்கு மேல் என்ன வேண்டும், தலையை நிமிர்த்திக்கொண்டு முழு வேகத்தில் வலதுபுறம் திரும்பினேன், போய் நின்றது பூட்டிய இரும்புக் கதவின் முன்னால். கதவுக்கு அப்பால் பாலம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தூண்கள். பாலத்தை இடித்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் இருவரும் பேசுவதுதான் வேறு வேறு குரலில், படித்தது ஒரே பழைய வரைபடத்தை. ஒருவரிடமே கேட்டுவிட்டு வந்த இரண்டு பேர் இரண்டு சாட்சி ஆக மாட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் நானே சொல்லிக்கொடுத்த பாடம் இது, என் முகத்தில் வந்து இடித்தது.

ஃபோன் செய்தால் தோல்வி. கேட்டாலும் தோல்வி. தொழிற்சாலை வாசலில் காவலாளி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. இதுவும் தொழிலில் கற்றதுதான், கேள்வி பலிக்காத இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றால் எதிராளிக்கு அந்த மௌனம் தாங்காது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில், "பாலத்த இடிச்சுட்டாங்கம்மா" என்று ஆரம்பித்தார். தினமும் எத்தனையோ பேர் வந்து நிற்கிறார்களாம், கேட்டுக் கேட்டு அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டதாம். "எதுவுமே கேக்காம நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்" என்று எழுந்தே விட்டார். பிறகு மடை திறந்தது. ஒப்பந்தக்காரர் எப்போது வந்தார், ஏன் வரவில்லை, மருமகள் எந்த ஊர், ரத்த அழுத்த மாத்திரை எந்த நிறம், எல்லாம் வந்தது. கடைசியில், "காரா இருந்தா ஆறு கிலோமீட்டர் சுத்தணும், சைக்கிள்தான, உள்ள வாங்க" என்று தொழிற்சாலைக் கதவைத் திறந்துவிட்டார். முற்றத்தில் டிரம் உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் வழிவிட்டுச் சிரித்தார்கள், பின்பக்கம் வேலையாட்கள் நடந்து போகிற ஒற்றைப் பாலம், அதைத் தாண்டினால் சித்தியின் தெரு. வழியில் ஏதோ மஞ்சள் பெயின்ட்டில் சக்கரம் ஏறிவிட்டது, சித்தி வீட்டுப் புதுத் தரையில் வாசலிலிருந்து நாற்காலி வரை ஒரு கோடு விழுந்திருக்கிறது. அவள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

முன்னறையில் அவளுக்காகக் காத்திருந்த நோயாளிகளிடமே நான் வழக்கை வைத்தேன். பேசாமல் நின்றது கேட்டதாகுமா ஆகாதா? ஆகாது என்று ஒரு தபால்காரர் சொன்னார். ஆகும், அது கேட்பதைவிட மோசம் என்று ஒரு கணக்கு டீச்சர் சொன்னார். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஒருவர் பேச முடியாமல் என் ஃபோனை வாங்கிப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், திரையின் மேலே இருந்த ஒரு சின்னப் படத்தைத் தொட்டுக் காட்டினார். சைக்கிள் படம். அது ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது, நான் தூரக் கண்ணாடியில் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. அப்பா இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றார். காவலாளியைப் பார்த்தது போலவே அவரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சித்தியும் கையில் குறடோடு பார்த்தாள். தபால்காரரும் பார்த்தார். அப்பாவுக்கு அவ்வளவுதான் தாங்கியது. நான் கிளம்பிய கையோடு டாக்ஸி பிடித்து அந்தச் சைக்கிளை விடாதீர்கள் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். பெயின்ட் தொழிற்சாலைக் கதவு எனக்குத் திறந்து அவருக்கு மூடிக்கொண்டது. சுற்றி வந்தால் சித்தியின் புது விலாசம் தெரியாது, அது அவர் ஃபோனில் இருக்கிறது, ஃபோன் என் பையில் இருக்கிறது. கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்திப் பல் டாக்டர் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார். ஒருவர் பாவப்பட்டு அவரைக் கையைப் பிடித்து வேறொரு பல் டாக்டரின் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டாராம். "நீ ஆத்துல கீத்துல விழுந்துட்டியோன்னு..." என்று இழுத்தார். எனக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. சித்தி, "அத்தான், உக்காருங்க, வந்ததுக்கு ஒரு பல்லாவது பாத்துடறேன்" என்றாள்.

டாக்ஸியை அனுப்பிவிட்டோம். பின் இருக்கையில் அப்பாவே உட்கார்ந்துகொண்டார், ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவதாக ஒப்பந்தம். இப்போது அம்மணி சைக்கிள் பாஷையில் அழகாகச் சொன்னாள். ஐயாவை அப்பா கையில் வைத்துக்கொண்டு, ஃபோன் சொல்வதற்கு முன்பே, அந்த ஆளுக்கு என்ன தெரியும், நீ இப்படித் திரும்பு என்றார். அப்பா சொன்னபடியெல்லாம் திரும்பினேன். ஒரு காய்கறிச் சந்தைக்குள் போனோம், ஒரு கால்பந்து மைதானத்தின் நடுவே போனோம், நடுவர் விசில் ஊதினார். மதியச் சாப்பாடெல்லாம் எப்போதோ போய்விட்டது, ஒரு பெட்டிக்கடையில் பிஸ்கட் வாங்கித் தின்றுகொண்டே, வீடு எந்தத் திசையில் என்றுகூடத் தெரியாமல், அடுத்த திருப்பம் இடதா வலதா என்று சண்டை போட்டோம். அவர் முழங்கை என் இடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்துக்கு வாசலில் வந்து இறங்கினோம். அத்தை கையில் துண்டோடு நின்றிருந்தார். யார் ஜெயிச்சது என்று கேட்டார். அப்பா சைக்கிளை அவருக்கு எட்டாதபடி சுவரோரம் சாத்திவிட்டுச் சொன்னார்: "போகும்போது அவ தொலையவே இல்லக்கா. வரும்போது நான்தான் தொலைச்சேன். நாளைக்கும் போறோம்."

ஆகவே உன் வாக்கை நீயாகவே வாபஸ் வாங்கிவிடு, அதுதான் மரியாதை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், கோபம் வந்தால் மாற்றுப் பாதை கண்டறிந்து, நல்ல உடம்போடு நூறு வருஷம் இருங்கள். மாப்பிள்ளையிடம் ஹெல்மெட் போடச் சொல். இந்த அம்மணியின் சத்தத்தை இன்னும் கூட்டுவதற்கு எங்கே அழுத்த வேண்டும் என்று மறக்காமல் எழுது, அப்பா பின்னால் உட்கார்ந்தால் அவள் பேசுவது எனக்குக் கேட்பதே இல்லை.

ஆசியும் முத்தமுமாக,
உன் அம்மா